ஸ்கேன்ல தெரியுமா?

வணக்கம் அக்கா,
என் அக்கா பையனுக்கு 19 வயசு, காலேஜ் படிக்கிறான். ஆறு மாசம் முன்னாடி "நான் பொண்ணு மாமா, இந்த உடம்பு என்னுது இல்ல"ன்னு எங்கிட்ட அழுதான். வீட்ல மந்திரிச்சு தாயத்து கட்டிட்டாங்க. இது பிரைன்ல இருக்கற விஷயம்னு ஒரு வீடியோல பார்த்தேன். அப்ப எம்ஆர்ஐ எடுத்தா தெரிஞ்சிடுமா? தெரிஞ்சா மருந்து குடுத்து சரி பண்ணிடலாம்ல?
- ஒரு தாய்மாமன், ஈரோடு

அன்புள்ள தம்பி,
அந்தப் பிள்ளை உங்கள நம்பி வந்து சொல்லியிருக்கு, அதனால நானும் நேராவே சொல்லிடறேன். ஸ்கேன்ல தெரியாது.

நீங்க பார்த்தது அனேகமா 1995ல ஆம்ஸ்டர்டாம்ல டிக் ஸ்வாப்ங்கற மூளை ஆராய்ச்சியாளரோட குழு செஞ்ச ஆய்வா இருக்கும். மூளைக்குள்ள ஆழத்துல கடுகளவு ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கு, ஆண்களுக்கு சராசரியா 2.5 கன மில்லிமீட்டர், பெண்களுக்கு அதவிட சின்னது. ஆணுடம்போட பிறந்து பெண்ணா வாழ்ந்த ஆறு பேரோட மூளைய அவங்க இறந்தப்புறம் சீவிப் பார்த்தாங்க, அது பெண்கள் அளவுலதான் இருந்துச்சு. பெரிய சேதிதான். ஆனா ஆறே பேர், அதுவும் ஹார்மோன் எடுத்துக்கிட்டவங்க. 2002ல அதே குழு பார்த்தப்ப அந்த ஆண் பெண் வித்தியாசமே பெரியவங்களானப்புறம்தான் தெளிவா தெரியுதுன்னு வந்துச்சு, பிள்ளைங்களோ நாலஞ்சு வயசுலயே சொல்லுதுங்க. அதனால அந்தக் கடுகுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது.

எனக்கு இதவிட முக்கியமாப் படறது மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் பார்த்தது. நம்ம சென்னை ஸ்டான்லில டாக்டருக்குப் படிச்சவர். கால எடுத்தப்புறமும் இல்லாத காலு அரிக்குது, வலிக்குதுன்னு சொல்வாங்கல்ல, ஏன்னா உடம்போட ஒரு வரைபடம் மூளைக்குள்ள தனியா இருக்கு. புற்றுநோயால ஆணுறுப்ப எடுத்த ஆண்கள்ல நூத்துக்கு 60 பேருக்கு அது இன்னும் இருக்கற மாதிரியே தோணுது. திருநங்கைகளுக்கு ஆபரேஷனுக்கப்புறம் அப்படித் தோணுறது 30 பேருக்குத்தான். திருநம்பிகள்ல, அதாவது பெண்ணுடம்போட பிறந்து ஆணா வாழறவங்கள்ல, பாதிக்கு மேல, பிறந்ததுல இருந்து இல்லாத ஆணுறுப்பு இருக்கற மாதிரி உணர்றதா சொன்னாங்க. சின்ன சர்வேதான், அவங்க வாயால சொன்னதுதான், இருந்தாலும் அதப் படிச்சன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, இந்த உடம்பு என்னுது இல்லன்னு ஒரு பிள்ளை சொல்றப்ப அது வெறும் பேச்சு இல்ல, அதுக்குள்ள நெஜமாவே அப்படித்தான் இருக்குன்னு அன்னிக்குதான் எனக்கு உறைச்சது.

அடுத்தது மருந்து. மூளைல இருக்குன்னாலே அது நோய்னு ஆயிடாது தம்பி, இடது கைப் பழக்கமும் மூளைலதான் இருக்கு. நான் யாருங்கற நெனப்ப மாத்துற மாத்திரை எங்கயும் கிடையாது, 2019லயே உலக சுகாதார நிறுவனம் இத மனநோய் பட்டியல்லருந்து எடுத்தாச்சு, மாத்திக் காட்டறேன்னு யாரும் சிகிச்சை பண்ணக் கூடாதுன்னு 2021ல சென்னை ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு. அப்படி மாத்தறேன்னு காசு கேட்டு யாராவது வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க. பிள்ளைக்கு மனசு தாங்கலன்னா, தூங்காம சாப்பிடாம இருந்தா, அதுக்கு நல்ல மனநல மருத்துவர்கிட்ட போங்க, அந்தக் கஷ்டத்துக்கு கண்டிப்பா உதவி இருக்கு.

ஸ்கேன் சென்டருக்கு வெச்சிருக்கற காசு இருக்கட்டும். இந்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போங்க, பிள்ளையத் தனியா கூட்டிட்டு வெளிய போங்க, உன்ன என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்னு கேளுங்க. என்ன சொல்லுச்சுன்னு எனக்கு எழுதுங்க தம்பி, காத்திருப்பேன்.