காட்டுக் காணியில் பாதை வெட்டுவது, குறி இடுவது: கேள்வி பதில்

ஒன்ராறியோவில் மான் வேட்டைக் காணிகளில் பாதை வெட்டிப் பழகியவன் நான். இப்போது தென்மராட்சியில் இருக்கிறேன். பற்றை பிடித்த காணிகளைப் பற்றி ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். வேட்டை பற்றிச் சொல்வது கனடாவுக்கு மட்டுமே. இலங்கையில் மானையும் மரையையும் வேட்டையாடுவது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, நண்பர்களோடு சேர்ந்து பாரி சவுண்ட் பக்கம் காட்டுக் காணி வாங்கியிருக்கிறோம். மான் வேட்டைக்குப் பாதை வெட்ட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

வாளைத் தூக்காமல் தொடங்குங்கள், தம்பி. பனி கரைந்து இலை துளிர்க்கும் முன் காணி முழுவதையும் நடந்து பாருங்கள். நிலத்தின் மேடு பள்ளம், நீர் தேங்கும் இடம், மான் நடந்து தேய்ந்த தடம் எல்லாம் அந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

பலர் செய்வது, மான் தடத்தையே அகலமாக்கித் தங்கள் பாதை ஆக்குவது. நடக்கச் சுகம்தான், ஆனால் உங்கள் வாடை பட்ட தடத்தை மான் கைவிட்டுவிடும். உங்கள் பாதை மான் தடத்துக்கு ஒதுங்கி, காற்று மானிடமிருந்து உங்கள் பக்கம் வீசுகிற திசையில் இருக்க வேண்டும். மான் படுக்கும் அடர்ந்த இடங்களுக்குள் பாதையைக் கொண்டு போகவே வேண்டாம். காவல் இருக்கும் இடத்துக்கு இரண்டு வழி வைத்திருந்தால் காற்று மாறுகிற நாளில் மற்றதால் போகலாம்.

ஆள் நடக்கும் பாதைக்கு ஒரு மீற்றர் அகலம் போதும். உயரத்தில், துவக்கைத் தோளில் போட்டபடி குனியாமல் போகிற அளவுக்குக் கிளையை எடுங்கள். சரிவில் நேராக இறங்கும் பாதை மழைக்கு வாய்க்காலாகிவிடும். குறுக்காகச் சாய்த்துக் கொண்டு போங்கள்.

இளமரத்தை வெட்டும்போது நிலத்தோடு நிலமாக, மட்டமாக வெட்டுங்கள். அரையடி உயரத்தில் சரிவாக வெட்டிவிட்ட கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். இருட்டில் விழுகிறவனின் வயிற்றில் ஏறும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வெட்டு வேலையைப் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் வைக்க வேண்டாம். தெற்கு ஒன்ராறியோவில் அது ஏறத்தாழ ஏப்ரலில் இருந்து ஓகஸ்ட் முடியும் வரை, கூட்டைக் குலைத்தால் சட்டச் சிக்கலும் உண்டு. அதற்கு முன் குளிர்கால முடிவில் பெரிய வேலையைச் செய்துவிட்டால் வேட்டைக் காலம் வருவதற்குள் மான் புதுப் பாதைக்குப் பழகிவிடும். சீசனுக்கு முந்தின வாரம் போய் செயின் சோ ஓட்டினால் அந்த வருடம் வெறுங்கைதான்.

அதே தம்பி: எந்த நிறத்தில் குறி இடுவது? கடையில் சிவப்பு நாடா மலிவாகக் கிடைக்கிறது.

சிவப்பு வேண்டவே வேண்டாம். ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டத்தில் சிவப்புக் குறிக்கு ‘உள்ளே வராதே’ என்று பொருள், மஞ்சளுக்குக் குறித்த சில காரியங்களுக்கு மட்டும் வரலாம் என்று பொருள். இந்த நிறங்களைக் காணி எல்லைக்கு வையுங்கள். செம்மஞ்சளும் பாதைக்கு வேண்டாம். துவக்கால் மான் சுடும் காலத்தில் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் அணிந்து, அதே நிறத் தொப்பியும் போட வேண்டும். அந்த நிறம் கண்ணில் பட்டதும் ‘அங்கே ஆள் நிற்கிறான்’ என்று மட்டுமே தோன்ற வேண்டும்.

நயாகராவிலிருந்து ரொபர்மோரி வரை போகும் புரூஸ் நடைபாதையில் முதன்மைப் பாதைக்கு வெள்ளை, கிளைப் பாதைக்கு நீலம். உங்கள் காணியில் பேர்ச் மரம் இருந்தால் அதன் வெள்ளைப் பட்டையிலும் பனியிலும் வெள்ளைக் குறி மறைந்துவிடும். நான் நீலத்தைத்தான் எடுப்பேன்.

திருப்பத்தைக் காட்டும் முறையையும் புரூஸ் நடைபாதையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறி என்றால் நேரே போ. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் திருப்பம் வருகிறது, மேல் குறி எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பு.

எல்லாவற்றையும் விட முக்கியம், மரத்தின் இரண்டு பக்கமும் குறி இடுவது. போகும்போது வெளிச்சம் இருக்கும், உடம்பில் தெம்பும் இருக்கும். வேட்டை நேரம் சூரியன் மறைந்து அரை மணி வரை என்பதால் திரும்பி வருவது எப்போதும் இருட்டில்தான். ஒரு குறியடியில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். இதைத் திரும்பி வருகிற திசையில் நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணை, அம்மாவின் காணி இடம்பெயர்ந்த நாளில் இருந்து பற்றை. உள்ளே கிணறு இருக்கிறது. கிணற்றடிக்கு மட்டும் ஒரு பாதை எடுக்க வேண்டும்.

முதலில் அயலவர்களிடமும் கிராம அலுவலரிடமும் அந்தக் காணியில் காவலரண் இருந்ததா, மிதிவெடி அகற்றிய காணியா என்று கேளுங்கள். நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் காலை வைக்க வேண்டும்.

மாரி முடிந்து தை, மாசியில் மண் ஈரமாக இருக்கும்போது நாயுண்ணியும் விடத்தலும் வேரோடு வரும். வைகாசி வரை விட்டால் மண் இறுகி, அலவாங்கு இல்லாமல் அசையாது. வடலிக் கூட்டத்தை ஊடறுக்க வேண்டாம், சுற்றிப் போங்கள். கருக்கு மட்டை கையைக் கிழித்துவிடும். வளர்ந்த பனையைத் தறிப்பதென்றால் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். பாதை நாலடி வளைந்து போனால் ஒன்றும் குறையாது, ஒரு பனை வளர எத்தனை காலம் எடுக்கும் என்று யோசியுங்கள்.

காவோலைக் குவியலைக் கையால் தூக்க வேண்டாம். புடையனும் சுருட்டையும் அதற்குள்தான் படுக்கும். நீளத் தடியால் இழுத்துவிட்டு, சற்று நின்று பார்த்து, பிறகு அள்ளுங்கள். முழங்கால் வரை இறப்பர் பூட்ஸ் கட்டாயம். கடித்தால் இறுகக் கட்டுவது, கீறுவது ஒன்றும் வேண்டாம், நேரே அரச ஆஸ்பத்திரிக்கு.

பாதை கிணறு வரை போகாமல், நன்றாகத் தள்ளியே முடியட்டும். பழைய கிணற்றின் கட்டு பற்றைக்குள் இடிந்து கிடக்கலாம். சுற்றிக் கதியால் நட்டுக் கயிறு கட்டிய பிறகுதான் கிட்டப் போக வேண்டும்.

பளையிலிருந்து: முகமாலைப் பக்கம் எங்கள் காணிக்குக் குறுக்கு வழி ஒன்றை மாடு மேய்ப்பவர்கள் பாவிக்கிறார்கள். அதைச் சுத்தப்படுத்தலாமா?

கூடாது. முகமாலை போர்முனையாக இருந்து மிதிவெடி புதைக்கப்பட்ட இடம். மாடு போன வழி என்பது வெடி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. மிதிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை விழுந்திருக்கலாம், யாராவது விறகுக்குப் பிடுங்கியும் இருக்கலாம். அகற்றி முடித்ததாக எழுத்தில் கையளிக்கப்பட்ட நிலத்தில் மட்டும் கத்தி வையுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து 119க்கு அழையுங்கள். நம் ஊரில் உங்கள் பாதைக்குச் சிவப்புக் குறி கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அந்த நிறத்தைக் கண்டால் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு ஐயா: பன்றி தோட்டத்தை உழுதுவிடுகிறது. அது வரும் தடத்தில் கட்டுத்துவக்கு வைக்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம், ஐயா. தடத்தில் கட்டி, தட்டுப்பட்டதும் தானாக வெடிக்கும் அந்தத் துவக்கு சட்டவிரோதம். விறகுக்குப் போகிறவரின் காலையும் பன்றியின் காலையும் கட்டுத்துவக்கு பிரித்துப் பார்க்காது. கம்பிச் சுருக்கும் அப்படித்தான். வேலியை ஒட்டி உட்புறமாக இரண்டு மீற்றர் பற்றையை வெட்டி வெளியாக்குங்கள். மறைவு போனால் பன்றி தயங்கும், வேலி எங்கே உடைந்திருக்கிறது என்பதும் காலையில் தெரியும்.

கொடிகாமத்திலிருந்து: நாடா கட்டுவதா, பெயின்ற் அடிப்பதா?

வழி பார்க்கும் நாட்களில் நாடா, பாதை முடிவானதும் பெயின்ற். வெயிலில் நாடா நைந்து விழும், மாடு தின்றுவிடும். பனையின் கறுத்த உடலில் வெள்ளைப் பெயின்ற் தூரத்திலிருந்தே தெரியும். சுண்ணாம்பு ஒரு மாரிக்குக்கூட நிற்காது. ஆணி அடிக்க வேண்டாம், பிறகு வாள் போடுகிறவருக்கு ஆபத்து.

வட்டக்கச்சியிலிருந்து: பற்றை வெட்டிய பிறகு காய்ச்சல் வந்தால்?

ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலையிடியும் வந்தால், கக்கத்திலும் இடுப்பிலும் கறுத்த பொருக்குப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், வடக்கில் உள்ளதுதான். பற்றை வெட்டியதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நேரத்துக்குப் பிடித்தால் டொக்சிசைக்கிளின் போன்ற மருந்தில் சுகமாகும்.

மீசாலையிலிருந்து: வெட்டிய பற்றையைக் கொளுத்திவிடலாமா?

சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு குச்சி கூடக் கொளுத்த வேண்டாம். காவோலையில் பிடித்த தீ அடுத்த வளவுக்குப் போக நேரம் எடுக்காது. பாதையின் ஒரே பக்கமாக இழுத்து, நீளவாக்கில் தாழ்வாக அடுக்கிவிடுங்கள். அடுத்த மாரியில் மக்கிவிடும்.