திட்டிக்கிட்டா கணக்கு தீர்ந்துடுமா?

அன்புள்ள சார்,

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மீட்டிங்ல ரிப்போர்ட் காட்டும்போது தப்பான நம்பரைப் போட்டுட்டேன். எல்லார் முன்னாடியும் ஒருத்தர் சுட்டிக்காட்டினார். பதட்டத்துல, ஷீட்டை ரெடி பண்ணது ஜூனியர்னு சொல்லிட்டேன், அந்தப் பையனுக்குத் திட்டு விழுந்துது. அன்னிலேர்ந்து ராத்திரி படுத்தா போதும், "நீ எதுக்கும் லாயக்கில்ல, உன் லட்சணம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு"ன்னு உள்ள ஒரு குரல். மீட்டிங்ல இப்ப வாயே திறக்கறதில்ல. கண்ணாடி முன்னாடி நின்னு "நான் திறமைசாலி, என்னை எனக்குப் பிடிக்கும்"னு தினமும் சொல்லச் சொல்லி ஒரு வீடியோல பார்த்தேன். சொன்னா இன்னும் அசிங்கமா இருக்கு. விடாம சொல்லணுமா, இல்ல வேற வாக்கியம் இருக்கா? தியான ஆப் உதவுமா? சின்ன வயசுல வீட்ல வாங்கின திட்டுதான் இதுக்கெல்லாம் காரணமா? என்னை நானே திட்டிக்கறதை நிறுத்தினா சோம்பேறி ஆயிடுவேனோன்னும் பயமா இருக்கு.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

வர்ற கடிதம் எல்லாத்துக்கும் பதில் போட முடியறதில்ல. உங்களுதுக்கு உடனே உட்கார்ந்துட்டேன், ஏன்னா கொஞ்ச நாளா இதே விஷயந்தான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு.

கண்ணாடி சமாச்சாரத்தை இன்னியோட நிறுத்திடுங்க. ஜோஆன் வுட்னு ஒரு உளவியலாளரும் அவங்க சகாக்களும் 2009-ல இதைச் சோதிச்சு எழுதினாங்க. தன்மேல மதிப்பு கம்மியா இருக்கறவங்க "நான் அன்புக்குரியவன்"னு திரும்பத் திரும்பச் சொன்னப்போ அவங்க மனநிலை இன்னும் மோசமாச்சு, ஏற்கெனவே தன்னைப் பத்தி நல்லா நினைக்கறவங்களுக்குத்தான் கொஞ்சம் உதவிச்சு. நம்பாத ஒண்ணை வாயால சொன்னா உள்ளேர்ந்து "பொய்"னு பதில் வருது, கூடவே நாலு ஆதாரமும் வருது. வேற என்ன ஆகும்?

தியான ஆப் பிடிச்சா வெச்சுக்கோங்க. சின்ன வயசுத் திட்டா? இருக்கலாம், ஆனா குரல் எங்கேர்ந்து வந்துதுன்னு கண்டுபிடிச்ச உடனே அது வாயை மூடிக்கப் போறதில்ல. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுங்கறது வெறும் கற்பனை. தாமஸ் கிலோவிச் குழு 2000-ல வெளியிட்ட ஆய்வுல, மாணவர்களுக்குக் கூச்சமா இருக்கற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மத்த மாணவர்கள் உட்கார்ந்திருந்த ரூமுக்குள்ள அனுப்பினாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேர் பார்த்திருப்பாங்கன்னு போட்டவங்க நினைச்சாங்க, நிஜத்துல கவனிச்சது அதுல ஏறக்குறைய பாதிதான். உங்க தப்பு நம்பர் அந்த ரூம்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒருத்தரைத் தவிர.

அந்த ஒருத்தரைப் பத்திதான் பேசணும். நீங்க அனுப்பினது நாலு பக்கம், நான் சுருக்கிப் போட்டிருக்கேன். அந்த நாலு பக்கத்துலயும் அந்தப் பையனுக்கு ஒரே ஒரு வரி. மிச்சமெல்லாம் நீங்க, உங்க தூக்கம், உங்க குரல்.

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒருத்தர் ப்ரமோஷன் லிஸ்ட் டைப் பண்ணும்போது ஒரு பொண்ணோட பேரையே விட்டுட்டார். விஷயம் தெரிஞ்சதும் தலைல கை வெச்சுக்கிட்டு "நானெல்லாம் மனுஷனா, என்னைச் செருப்பால அடிக்கணும்"னு ஆரம்பிச்சார் பாருங்க, சாயங்காலம் வரைக்கும் ஓயல. ஆளாளுக்குச் சமாதானம் சொன்னோம். பேர் விட்டுப்போன பொண்ணுதான் தண்ணி கொண்டுவந்து குடுத்து, "பரவால்ல சார், விடுங்க சார்"னு தேத்திச்சு. அவர் முன்னாடி ஃபைல் திறந்தே கிடக்கு, ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு பேரைச் சேர்த்து மறுபடி அனுப்பணும், அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யல மனுஷன். கடைசில அந்தப் பொண்ணே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தன் பேரைத் தானே டைப் பண்ணி, "அனுப்பிடட்டுமா சார்"னு கேட்டுச்சு. அவரை எல்லாரும் ரொம்ப மனசாட்சி உள்ள ஆள்னு சொல்லுவாங்க. எனக்கு நினைச்சா இன்னிக்கும் எரிச்சல்தான் வருது.

கோவிச்சுக்காதீங்கம்மா, நீங்களும் அதையேதான் பண்றீங்க. ராத்திரி ஒரு மணி நேரம் திட்டிக்கிட்டா அபராதம் கட்டின மாதிரி ஒரு திருப்தி, ஆனா அந்தக் காசு நஷ்டப்பட்டவர் கைக்குப் போறதே இல்லையே! ரெண்டு வருஷமா கட்டறீங்க, அந்தப் பையன் மேல போட்ட பழி அப்படியேதான் இருக்கு. ஜூன் டாங்னினு ஒரு உளவியலாளர் பல வருஷமா இதையே ஆராய்ஞ்சவங்க. "நான் செஞ்சது தப்பு"ன்னு உறுத்தறவங்க சரிபண்ணப் போறாங்க, "நானே தப்பு"ன்னு குறுகிப்போறவங்க ஒளிஞ்சுக்கறாங்க, இல்ல பழியைத் தூக்கி அடுத்தவங்க மேல போடறாங்கன்னு அவங்க ஆய்வுகள் சொல்லுது. மீட்டிங்ல அந்த ஒரு நிமிஷத்துல உங்களுக்கு நடந்தது அதேதான். அதனால உங்களைக் கெட்டவங்கன்னு நான் சொல்லல, அந்த அவமானம் ரொம்பப் பெரிசா இருந்துது, தாங்க முடியல, கைல கிடைச்சவர் மேல தள்ளிட்டீங்க.

திட்டிக்கலைன்னா சோம்பேறி ஆயிடுவேன்ங்கறீங்க. நேர்மாறு. 2010-ல மைக்கேல் வோல் குழு காலேஜ் பசங்ககிட்ட பார்த்தது என்னன்னா, முதல் பரீட்சைக்குப் படிக்காம தள்ளிப்போட்டதுக்காகத் தன்னை மன்னிச்சுக்கிட்டவங்கதான் அடுத்த பரீட்சைக்கு முன்னாடி கம்மியா தள்ளிப்போட்டாங்க. திட்டு வாங்கிட்டே இருக்கறவனுக்கு அந்தப் புஸ்தகத்தைப் பார்த்தாலே உதறும், எப்படித் திறப்பான்?

செய்யாத தப்புக்கு, தனக்கு யாரோ செஞ்ச கொடுமைக்கு வெட்கப்பட்டுட்டு இருக்கறவங்களும் இதைப் படிப்பீங்க. உங்களுக்கு நான் இதைச் சொல்லல, நீங்க யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல. அந்தக் குரல் உயிரை விடச் சொல்ற அளவுக்குப் போனா, யாரா இருந்தாலும் இந்த மாதிரி பதிலெல்லாம் படிச்சிட்டிருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க.

வேற வாக்கியம் கேட்டீங்க இல்ல? குரல் ஆரம்பிக்கும்போது உங்க பேரைச் சொல்லி நீங்களே கேளுங்க: "இதுல சரிபண்ண என்ன பாக்கி இருக்கு?" பாக்கி இருக்கு, உங்களுக்கே தெரியும். அந்தப் பையன்கிட்ட போய் "அன்னிக்கு ஷீட் போட்டது நான், பயத்துல உங்க பேரைச் சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க"ன்னு சொல்லுங்க. அவரைத் திட்டின மேனேஜர்கிட்டயும் சொல்லணும், கஷ்டமே அதுலதான். "நான் எவ்வளவு கேவலமானவ"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, அப்புறம் அந்தப் பையன்தான் உங்களைத் தேத்திட்டு உட்காரணும். கோவப்பட்டார்னா படட்டும், கேட்டுக்கோங்க. வேற கம்பெனிக்குப் போயிட்டார்னா ஒரு மெயில் போடுங்க, நாலு வரி போதும், மேனேஜருக்கும் ஒரு காப்பி வெச்சு.