டவர் கடிகாரம்: செங்கோட்டைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (புளியரை, டவர் டெக்னீஷியன்): அண்ணாச்சி, சாரல் தொடங்கினாலே எங்கள் மொபைல் டவர் சைட்டில், டவர் கடிகாரத்துக்கு நேரம் தரும் ஜிபிஎஸ்ஸில் அலாரம் வருகிறது. மேகம் மறைக்கிறதா?

பதில்: மேகம் பாவம், அதை விடுங்கள். ஜிபிஎஸ் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. மேகமும் மழையும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆன்டெனாவின் அடியில் உள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. புதிதாக டேப் போடும்போது கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து சுற்றி முடித்தால் மடிப்புக்கு மடிப்பு தண்ணீர் தங்கும். மேற்கே மலை மறைப்பதைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். தன் இடம் துல்லியமாகத் தெரிந்த டைமிங் ரிசீவருக்கு ஒரே ஒரு சாட்டிலைட் தெரிந்தாலும் நேரம் கிடைத்துவிடும்.

கேள்வி (தென்காசி, கல்லூரி மாணவி): ஜிபிஎஸ் போனதும் டவர் நின்றுவிடாதா சார்?

பதில்: உடனே நிற்காதும்மா. உள்ளே இருக்கும் ஓவன் கிரிஸ்டல், அதாவது சூடு மாறாமல் வைத்திருக்கும் கிரிஸ்டல் கடிகாரம், கொஞ்ச நேரம் சமாளிக்கும். இதற்கு ஹோல்டோவர் என்று பெயர். ஆனால் நொடிக்கு 0.1 நானோ நொடி பிசகினாலும் 4 மணி நேரத்தில் 1.44 மைக்ரோ நொடி சேர்ந்துவிடும். டிடிடி வகை டவருக்கு இந்தப் பக்கம் 1.5 மைக்ரோ நொடி, அந்தப் பக்கம் 1.5, அவ்வளவுதான் வரம்பு. அதில் பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கிறது. ஒரு டவர் கேட்கத் தொடங்கிய பிறகும் பக்கத்து டவர் பேசிக்கொண்டிருந்தால் போனின் மெல்லிய சிக்னல் அமுங்கிவிடும். பேச ஒன்று, கேட்க ஒன்று என்று தனித்தனி அலைவரிசை உள்ள எஃப்டிடிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதிர்வெண் பிழை நூறு கோடியில் 50 பங்குக்குள் இருந்தால் போதும். எல்லையில் இன்னொரு கூத்தும் உண்டு. பிசகுவது தமிழ்நாட்டு டவராக இருக்கும், புகார் கேரள வட்டத்தில் பதிவாகும். அங்கே பாவம், தங்கள் ஆன்டெனாவைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி (ஆரியங்காவு, ஃபைபர் குழு): பிடிபி வழியாக, அதாவது ஃபைபரில் பாக்கெட் அனுப்பி வாங்கி, டவருக்கு நேரம் எடுக்கிறோம். கேபிள் அறுந்து ஜாயின்ட் போட்ட பிறகு, ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் 1 மைக்ரோ நொடி தள்ளி நிற்கிறது. அலாரம் ஒன்றும் இல்லை.

பதில்: அலாரம் வரவே வராது. பாக்கெட் போகும் நேரமும் திரும்பி வரும் நேரமும் சமம் என்று நம்பித்தான் பிடிபி கணக்குப் போடுகிறது. ஃபைபரில் கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ நொடி ஆகும். வேறு கேபிளில் மாற்றிவிட்டபோது ஒரு ஃபைபர் மட்டும் 400 மீட்டர் கூடியிருந்தால் வித்தியாசம் 2 மைக்ரோ நொடி. அதில் பாதி, அதாவது 1, நேரத்தில் பிழையாக விழும். இரவில் அனுமதி வாங்கி, இரண்டு முனையிலும் ஃபைபர்களை இடம் மாற்றிச் செருகுங்கள். முன்னால் ஓடிய நேரம் அதே அளவு பின்னால் போனால் நீளம்தான் காரணம். அந்த அளவைப் பிடிபி பெட்டியின் செட்டிங்கில் திருத்தமாகக் கொடுத்துவிடலாம். ‘சிங்க்-ஈ இருக்கிறதே’ என்று யாராவது சொல்வார்கள். ஈதர்நெட் இணைப்பிலேயே வரும் அந்தத் துடிப்பு அதிர்வெண்ணை மட்டும்தான் சுமக்கும். மணி என்ன என்று அதற்குத் தெரியாது. அடுத்த முறை ரூட் மாறினால் மறுபடி அளக்க வேண்டும், அதையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி (கோட்டைவாசல், டீக்கடைக்காரர்): எல்லை தாண்டி கேரள டவர் பிடித்ததும் என் போனில் மணி 2 நிமிடம் கூடுகிறது. டவர் கடிகாரம் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை அண்ணாச்சி. 2 நிமிடம் பிசகினால் டிடிடி டவர் வேலையே செய்யாது. திரையில் தெரியும் மணியை அனுப்புவது டவர் அல்ல, பின்னால் இருக்கும் மத்திய சர்வர். அங்கே யாரோ சரியாக வைக்கவில்லை. போனில் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி (புளியரை, அதே தம்பி): ரிசீவர் நேரம் 18 நொடி முன்னால் ஓடுகிறதே?

பதில்: ஜிபிஎஸ் நேரத்தில் லீப் நொடி, அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது கூட்டும் நொடி, சேர்ப்பதில்லை. 1980-க்குப் பிறகு யுடிசி எனும் உலக நேரத்தில் அப்படி 18 சேர்ந்துவிட்டன. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் முடிவில். செட்டிங்கில் ஜிபிஎஸ் என்று இருப்பதை யுடிசி என மாற்றுங்கள், சரியாகிவிடும்.