ஃபேன்டஸி ஃபுட்பாலில் ஒரே வாரத்தில் 80, 90 புள்ளி வித்தியாசத்தில் தோற்பது எப்படி?
நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து நாம் அமைக்கும் அணிக்கு, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதை வைத்துப் புள்ளி கிடைக்கும் விளையாட்டு இது. என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ஃபேன்டஸியில் பெரும்பாலும் காரணம் டச்டவுன்தான் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது). ஓடியோ பந்தைப் பிடித்தோ 10 கெஜம் போனால் 1 புள்ளி, டச்டவுனுக்கு 6. அதாவது கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் பந்தை வாங்கி உள்ளே விழுந்தவருக்கும், 60 கெஜம் ஓடிக் களைத்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரே கூலி.

2020 கிறிஸ்துமஸ் அன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் ஆல்வின் கமாரா, மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக 6 டச்டவுன் அடித்தார். ஓட்டம் மட்டும் 155 கெஜம். 1929-இல் எர்னி நெவர்ஸ் படைத்த சாதனையைச் சமன் செய்த ஆட்டம் அது. கேட்ச்சுக்கு 1 புள்ளி தரும் லீக்குகளில் அவருக்கு 56.2. பல லீக்குகளுக்கு அதுதான் இறுதிப்போட்டி வாரம் வேறு! வெள்ளிக்கிழமையே கதை முடிந்தது. கமாராவை வைத்திருந்தவருக்கு எதிரில் இருந்தவர் ஞாயிறு ஆட்டங்களை எதற்குப் பார்த்தாரோ.

பை வாரத்தில் (அவரது அணிக்கு ஆட்டமே இல்லாத வாரம்) இருக்கும் வீரரை மாற்ற மறந்தால் அந்த இடத்தில் சைபர். அது நம் கையில் இருக்கிறது.

வாரம் ஒருவரோடு மோதும் நேருக்கு நேர் லீக்கில் 1 புள்ளியில் தோற்றாலும் 90-இல் தோற்றாலும் ஒரு தோல்விதான். ஆத்திரத்தில் நல்ல வீரரை டிரேடில் (இன்னொருவரோடு வீரர்களை மாற்றிக்கொள்வது) தள்ளிவிடாதீர்கள். மொத்தப் புள்ளியில் ஒரு கண் இருக்கட்டும்: வெற்றி எண்ணிக்கை சமமானால் பல லீக்குகள் அதை வைத்தே பிளேஆஃப் (கடைசி நாக்அவுட் சுற்று) இடத்தை முடிவு செய்கின்றன.