கழலாத சில்லு நட்டு: லொறிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மாங்குளம், கிரவல் ஏற்றும் ரிப்பர் ஓட்டுநர்): ஐயா, இடப்பக்கப் பின்சில்லில் ஒரு நட்டின் முனைகள் தேய்ந்து உருண்டுவிட்டன. மற்ற நட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். இது மட்டும் அசையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் கழற்றிய நட்டுகளைத் திரும்பப் பூட்டி இறுக்குங்கள். மற்றவை கழன்றிருக்கும்போது சில்லின் இழுவை முழுவதும் அந்த ஒரே ஸ்ரட்டின்மேல் (நட்டு பூட்டப்படும் புரியுள்ள தண்டு) விழுவதனால், சிக்கிய நட்டு மேலும் இறுகுகிறது. சிக்கியதையே முதலில் கழற்ற வேண்டும். அதுவும் சில்லு நிலத்தில் ஊன்றியிருக்க, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்த பின்னரே செய்ய வேண்டும்.

அடுத்து, ஸ்ரட்டின் முனையைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, அதில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பழைய ஜப்பானிய லொறிகள் பலவற்றில் இடப்பக்கச் சில்லுகளுக்கு இடம்புரி நட்டுகளே உள்ளன. அவை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். என்னிடம் வரும் உருண்ட நட்டுகளில் பல, துருவினால் அல்லாமல், மாற்றுத் திசையில் பலங்கொண்டு இறுக்கப்பட்டதனால் உருண்டவை.

திசை சரியென்றால், கிரவல் தூசியைச் சுரண்டி எடுத்துவிட்டு, புரி வெளித்தெரியும் இடத்தில் ஊடுருவும் ஒயிலை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் நட்டின் தலையைச் சுற்றிவரச் சுத்தியலால் தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவின் பிடி உடையும். பின்னர் நட்டைவிட ஓர் அளவு சிறிய, ஆறு முனை கொண்ட, தடித்த இம்பாக்ட் சொக்கெற்றை (நட்டின்மேல் மாட்டித் திருப்பும் குழல்) அதன்மேல் அடித்து ஏற்றுங்கள். பன்னிரண்டு முனைச் சொக்கெற் நட்டின் மூலைகளை மட்டுமே பிடிப்பதால் இந்த வேலைக்கு வேண்டாம். சற்று இறுக்கும் திசையில் அசைத்துவிட்டு, அதன்பின் கழற்றும் திசையில் திருப்பினால் பெரும்பாலும் வழிவிடும். உருண்ட நட்டைக் கவ்வுவதற்கென்றே உட்புறத்தில் சுருள் பற்கள் வெட்டிய சொக்கெற்றுகளும் விற்பனைக்கு உண்டு.

அதற்கும் அசையாவிட்டால், வால்வு ஊசியை எடுத்து ரயரின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, நட்டின் ஒரு பக்கத்தை ஸ்ரட்டின் நீளவாக்கில் கிறைண்டரால் அறுத்து, உளியால் பிளந்து எடுங்கள். இரட்டைச் சில்லானால் இரண்டின் காற்றையும் இறக்க வேண்டும். பொறி ரயரில் படாதபடி ஈரச் சாக்கினால் மூடுங்கள். ஸ்ரட்டில் வெட்டுப்பட்டால் அதையும் மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி (முள்ளியவளை): காஸ் வெல்டிங்கால் தீ காட்டினால் ஐந்து நிமிடத்தில் கழலும் என்று எங்கள் பக்கத்துக் கராச்சில் சொல்கிறார்கள். சரியா?

பதில்: நட்டு கழலக்கூடும், ஆனால் அருகில் நிற்பவர் உயிரோடு இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. றிம்மில் ஏறும் வெப்பம் ரயரின் உட்புற இறப்பரைக் கருக்கி, எரியக்கூடிய வாயுக்களை உண்டாக்குகிறது. அவை உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து தீப்பற்றும்போது, ரயர் தாங்கவே முடியாத அழுத்தத்தில் வெடிக்கிறது. வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. தீயை அணைத்துவிட்டு அப்பால் நகர்ந்த பின்னரும் வெடிக்கலாம். ரயரைப் பிடித்து வைக்கும் தனிப் பூட்டு வளையம் போட்ட றிம்மாக இருந்தால் அந்த வளையமே பறந்து வரும். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்றும் எண்ணாதீர்கள். ரயரை றிம்மிலிருந்து பிரித்த பின்னரே தீ காட்டலாம். சில்லே கழலாதபோது ரயரை எப்படிப் பிரிப்பது? ஆகவே இந்த வேலைக்குத் தீ உரியதன்று.

கேள்வி (கிளிநொச்சி): உருண்ட நட்டின்மேல் வேறொரு பெரிய நட்டை வெல்டிங் செய்து திருப்பலாமா?

பதில்: மேசைமேல் இருக்கும் பாகத்துக்கு நல்ல முறை. ரயரோடு இருக்கும் சில்லுக்கு, முள்ளியவளை அன்பருக்குச் சொன்னதே பதில். மின்சார வெல்டிங்கும் தீயே. அதோடு, மின்னோட்டம் பெயாரிங் வழியாகப் பாய்ந்தால் அதுவும் கெடும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): சில்லு ஸ்பானரில் நீண்ட குழாயைச் செருகி ஏறி நிற்கிறோம். எவ்வளவு நீளம் பாதுகாப்பானது?

பதில்: பத்து ஸ்ரட் கொண்ட கனரக லொறிகளின் 22 மில்லிமீற்றர் ஸ்ரட்டுகளுக்கு ஏறத்தாழ 600 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். ஒரு மீற்றர் நீளக் குழாயின் முனையில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் நின்றால் அந்த அளவு வந்துவிடும். இரண்டு பேர் ஏறி இறுக்கிய நட்டைத்தான் பிறகு மூன்று பேர் ஏறிக் கழற்ற வேண்டியதாகிறது. கழற்றுவதற்கு நீளக் குழாய் பயன்படுத்தலாம். ஆனால் ஏறிக் குதிக்காதீர்கள், சொக்கெற் நழுவினால் முழங்கால் போய்விடும். பற்சக்கரப் பெட்டி உள்ள, கையால் சுற்றும் நட்டுக் கழற்றி ஒன்றை லொறியில் வைத்திருப்பதே மேல்.

கேள்வி (நெடுங்கேணி): மோட்டார் சைக்கிளின் பின் அச்சு நட்டும் இப்படித்தான் சிக்கியுள்ளது.

பதில்: அது வேறு வேலை, மோட்டார் சைக்கிள் திருத்துபவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (பரந்தன்): ஆனையிறவில் உப்பு ஏற்றுகிறோம், துரு அளவுக்கு மிஞ்சியது. நட்டுகளைப் பூட்டும்போது கிறீஸ் பூசினால் அடுத்த முறை இலகுவாகக் கழலும் அல்லவா?

பதில்: கிறீஸ் வேண்டாம். துருவைத் துடைத்துவிட்டு, ஸ்ரட்டின் புரியில் எஞ்சின் ஒயிலை மெல்லியதாகத் தடவினால் போதும்.

மறுப்பு (கனகராயன்குளம்): ஐயா சொல்வதை ஏற்க முடியாது. ஒயில் பூசிய நட்டு ஓட்டத்தில் கழன்றுவிடும். புரி உலர்ந்திருக்க வேண்டும் என்றே என் தந்தையார் பழக்கினார்.

பதில்: உங்கள் தந்தையாரின் கவலை நியாயமானது, கழன்ற சில்லு ஏ-9 வீதியில் யாரைக் கொல்லும் என்று சொல்ல முடியாது. ஆனால் சில்லைப் பிடித்து வைப்பது நட்டு இறுகும்போது ஸ்ரட்டில் உண்டாகும் இழுவிசை, துரு அன்று. புரி உலர்ந்து துருவேறியிருந்தால் நாம் கொடுக்கும் பலத்தின் பெரும்பகுதி உராய்விலேயே கரைந்துவிடுகிறது. கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஸ்ரட்டிலோ இழுவிசை குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட நட்டே ஓட்டத்தில் தளர்கிறது. மறுபுறம், கரிய மொலிப்டினம் கிறீஸைப் பூசினால் உராய்வு அளவுக்கு மிஞ்சிக் குறைந்து, அதே பலத்தில் ஸ்ரட் நீண்டு அறும். அதனால்தான் மெல்லிய எஞ்சின் ஒயில் என்கிறேன். பூசும் இடமும் முக்கியம்: வளையம் சேர்ந்த தட்டை நட்டானால் புரியிலும், நட்டுக்கும் வளையத்துக்கும் இடையிலும் பூசலாம், வளையம் றிம்மில் பதியும் முகம் உலர்ந்திருக்க வேண்டும். பழைய ஜப்பானிய உருண்டை இருக்கை நட்டானால் (றிம்மில் பதியும் முகம், அதாவது இருக்கை, உருண்டையாக உள்ளது) அந்த இருக்கையிலும் சிறிது தடவலாம்.

மறுப்பு (கனகராயன்குளம்): அப்படியென்றால் புதிதாக வர்ணம் பூசிய றிம்மில் ஒயில் இல்லாமலே நட்டுகள் தளர்ந்தது ஏன்?

பதில்: நல்ல கேள்வி. தடித்த வர்ணம் ஓட்டத்தில் நசுங்கி மெலிகிறது. அந்த அளவுக்கு ஸ்ரட்டின் இழுவிசை குறைகிறது. றிம்மும், அது பூட்டப்படும் அச்சு முனையான ஹப்பும் தொடும் முகங்களில் வர்ணம், மண், துரு எதுவும் இருத்தலாகாது. இதில் நாம் இருவரும் ஒரே பக்கம்.

கேள்வி (மல்லாவி): சிறிய தீயாகக் காட்டினாலும் ஆபத்தா?

பதில்: ஆம். மேலே எழுதியதைத் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

கேள்வி (துணுக்காய்): ரயரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சூடாக்கினால்?

பதில்: வேண்டாம். தீயைப் பற்றிய கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கழற்றும்போது ஒரு ஸ்ரட் முறிந்துவிட்டது. மற்றவற்றோடு நெல் ஏற்றி வவுனியா போகலாமா?

பதில்: சுமையோடு போக வேண்டாம். முறிந்த ஸ்ரட்டின் பங்கை அதன் இருபுறத்து ஸ்ரட்டுகளே சுமந்திருக்கும். ஆகவே அவை இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு முறிந்திருந்தால் அந்தச் சில்லின் ஸ்ரட்டுகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நிறுத்தி மீண்டும் இறுக்கிப் பாருங்கள். கிளிநொச்சியில் பூட்டியவர் வவுனியாவில் இதைச் செய்யலாம். உள் நட்டும் வெளி நட்டும் தனித்தனியாக உள்ள பழைய இரட்டைச் சில்லானால், வெளி நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தளர்த்தி, அவற்றின் உள் நட்டை இறுக்கி, வெளி நட்டைத் திரும்பப் பூட்டிவிட்டு, மீதியையும் அவ்வாறே செய்யுங்கள். வெளி நட்டை மட்டும் இறுக்கினால் உட்சில்லின் தளர்வு தெரியவே தெரியாது.