குரோட்டன்ஸில் நூலாம்படை, செம்பருத்தியில் வெண்பஞ்சு: மருந்தடித்தும் அடங்காதது ஏன்?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். கூடத்து ஜன்னலோரம் குரோட்டன்ஸ், அக்லோனிமா, மணி பிளாண்ட் ஆகியவற்றையும், பால்கனியில் செம்பருத்தி, துளசி ஆகியவற்றையும் தொட்டிகளில் வளர்க்கிறேன். பங்குனி மாதத்திலிருந்து குரோட்டன்ஸ் இலைகள் புள்ளி புள்ளியாக வெளுத்து உதிர்கின்றன. இலைக்கடியில் மெல்லிய நூலாம்படை தெரிகிறது. செம்பருத்தித் துளிர்கள் சுருண்டு, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. அணைக்கட்டில் உள்ள எங்கள் நிலத்துக்கு வாங்கி மீதமிருந்த பூச்சி மருந்தை என் கணவர் இரண்டு முறை எல்லாச் செடிகளுக்கும் தெளித்தார். குரோட்டன்ஸ் முன்னைவிட மோசமாகிவிட்டது. வீட்டில் தவழும் பேரக்குழந்தை இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, செடிகளுக்கு முன்னால் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயல் பயிருக்கான மருந்து திறந்தவெளியில் தெளிப்பதற்கு உரியது. மூடிய கூடத்தில் தெளித்தால் அதன் எச்சம் தரையிலும் ஜன்னல் சட்டத்திலும் திரையிலும் தங்கி, தவழும் குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். ஆகவே கூடத்துத் தொட்டிகளை இன்றே குழந்தைக்கு எட்டாத திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். கையுறை அணிந்து, தரையையும் சட்டத்தையும் சோப்பு நீரால் ஒன்றுக்கு இரண்டு முறை துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மீதமுள்ள புட்டியை வீட்டில் வைக்க வேண்டாம். துளசியிலும் மருந்து பட்டிருப்பதால் அதன் இலையைத் தீர்த்தத்துக்கோ கஷாயத்துக்கோ பறிக்காதீர்கள். ஊடுருவும் வகை மருந்தாக இருந்தால் புதுத் துளிரிலும் அது இருக்கும் என்பதால், அந்தச் செடியை வழிபாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உட்கொள்வதற்கு வேறு கன்று வளர்ப்பதே சரி.

இனி குரோட்டன்ஸைப் பார்ப்போம். நீங்கள் எழுதியுள்ள அடையாளங்களின்படி அதில் இருப்பது பூச்சியே அல்ல. எட்டுக் கால்களையுடைய செஞ்சிலந்தி. வெறும் கண்ணுக்குத் தூசியாகத்தான் தெரியும். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்து இலையைத் தட்டினால், விழுந்த தூசியில் சில மெல்ல நகரும். விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும். பூச்சிகளைக் கொல்லும் மருந்துகளில் பல இந்தச் சிலந்திக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சிலந்தியைத் தின்று வாழும் இரைவிழுங்கிச் சிலந்திகளையும் பொறிவண்டுகளையும் அவை கொன்றுவிடுகின்றன. செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளையும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தையும் தெளித்தபின் செஞ்சிலந்தி பெருகுவது வயல்களிலும் அறியப்பட்டதே. மருந்தடித்தபின் உங்கள் செடி மோசமானதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

வெயிலும் வறண்ட காற்றும் செஞ்சிலந்திக்குச் சாதகம். 30 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில், முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை அதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே போதும். அக்னி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தொடும் வேலூரில், மின்விசிறிக் காற்று நேரே படும் ஜன்னலோரச் செடி அதற்கு ஏற்ற இடமாகிவிடுகிறது. எனவே முதல் மருந்து தண்ணீர்தான். மிகவும் வெளுத்த இலைகளைக் கிள்ளி உறையில் கட்டி எறிந்துவிட்டு, தொட்டி மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடி, செடியைக் குளியலறையில் சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஈரம் உலர்ந்தபின், மாலை வேளையில், ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் காதி சோப்பு கரைத்த கரைசலை இலையின் இருபுறமும் சொட்டும்வரை தெளியுங்கள்.

சோப்புக் கரைசலில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை மிக்கது. அந்த நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து திரிதிரியாகப் படிந்துவிடுவதால், சிலந்தியைக் கொல்ல வேண்டிய சோப்பு இலையில் வெள்ளைக் கறையாக மட்டுமே மிஞ்சும். நுரை நிற்காத நீர் எதுவும் இதற்கு உதவாது. சேமித்த மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ பயன்படுத்துங்கள். மேலும், சோப்பு தன்மேல் பட்ட உயிரை மட்டுமே கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது தெளிக்க வேண்டும். முதல் தெளிப்பில் கண்ட முன்னேற்றத்தை நம்பிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் மிஞ்சிய முட்டைகள் பொரித்து எல்லாம் மறுபடியும் தொடங்கும். நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கோடை வெப்பத்தில் அது இலையைக் கருக்கிவிடும் என்பதால் உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. அதைத் தொடுமுன் சற்று நின்று பாருங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். செம்பருத்தியை விரும்பித் தாக்கும் பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகம் முழுவதும் பரவிய காலத்தில், எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகி, ஓட்டை விழுந்து கிடக்கும். அத்தகைய கூடுகள் உங்கள் செடியில் தெரிந்தால் எதையும் தெளிக்க வேண்டாம். அதேபோல், மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளுடன், ஆனால் அதைவிடப் பெரிதாகவும் விரைவாகவும் ஊரும் புழுவைக் கண்டால், அது ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் வேலை. பெரிய பூச்சி என்று எண்ணி இதையே முதலில் நசுக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது.

இவை ஒன்றும் இல்லையென்றால், சுருண்ட நுனிகளை வெட்டி அகற்றுங்கள். கணுக்களில் மிஞ்சியவற்றை, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வைதான் மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். துளசி விளக்கு எரியும்போது ஸ்பிரிட்டைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. அதன்பின் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் வீதம் தெளிக்கலாம். எண்ணெயை நேரே நீரில் ஊற்றாமல், முதலில் சோப்பை வெதுவெதுப்பான சிறிதளவு நீரில் கரைத்து, அதில் எண்ணெயைக் கலந்து பால்போல் ஆனபின் மீதி நீரைச் சேர்க்க வேண்டும். ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை வீதம் மூன்று நான்கு வாரங்கள் தேவைப்படும்.

எறும்பைத் தடுக்காமல் இதில் வெற்றி இல்லை. மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, குளவியையும் பொறிவண்டையும் அண்டவிடாது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பவர்கள் உண்டு. தேங்கிய நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் அதைத் தவிர்த்து, தொட்டி விளிம்பிலும் தண்டின் அடியிலும் சுற்றிக் கட்டிய நாடாமேல் வாசலின் பூசுங்கள். செடியின் கிளை சுவரையோ கம்பியையோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அவ்வழியே வந்துவிடும், அதைக் கத்தரித்துவிடுங்கள்.

மணி பிளாண்ட், அக்லோனிமா இரண்டையும் குறித்து நீங்கள் குறை எதுவும் எழுதவில்லை. ஆயினும் குரோட்டன்ஸின் பக்கத்திலேயே இருந்ததால் அவற்றின் இலைகளையும் வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். இலை நரம்போரம் நகத்தால் சுரண்டினால் பெயர்ந்துவரும் பழுப்புப் புடைப்பு இருந்தால் அது செதில் பூச்சி. பழைய பல் துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். தொட்டி மண்ணிலிருந்து கருநிறச் சிறு ஈக்கள் எழுந்தால் நீர் அதிகம் விடுகிறீர்கள் என்று பொருள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபின் நீர் விடுங்கள். செடி தேறவேண்டும் என்று இப்போது யூரியா இடாதீர்கள். தழைச்சத்து மிகுந்த இளந்துளிரைத்தான் அசுவினியும் மாவுப்பூச்சியும் முதலில் தேடும்.

மூன்று தெளிப்புக்குப் பிறகும் குறையவில்லையென்றால், தாக்கப்பட்ட துளிரை அப்படியே மூடிய உறையில் போட்டு, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தெளித்த அன்று வேண்டாம். உயிருள்ள பூச்சி இருந்தால்தான் எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல முடியும். முன்பு அடித்த மருந்தின் பெயரையும் புட்டியில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.