மண்டபச் சுவரில் இலங்கைத் தேசியக் கொடி: சிங்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

மாங்குளம் சனசமூக நிலைய மண்டபத்தில் விழாவுக்குக் கட்டிய கொடியில் சிங்கம் வலப்பக்கம் பார்க்கிறதே, அது சரியா, முன்பள்ளிப் பிள்ளைகள் சல்யூட் அடிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சிங்கம் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அதாவது சுவருக்கு முன்னால் நிற்பவரின் இடக்கைப் பக்கம் முதலில் பச்சைப் பட்டை, அடுத்து செம்மஞ்சள், பிறகுதான் வாளோடு சிங்கம். உங்கள் நிலையத்தில் அது வலப்பக்கம் பார்க்கிறது என்றால், பெரும்பாலும் கொடியின் பின்புறம் வெளியே தெரியக் கட்டியிருக்கிறார்கள். மெல்லிய துணியில் சாயம் மறுபக்கமும் ஊறித் தெரிவதால் கட்டுகிறவருக்குப் பிடிபடாது.

வலப்பக்கம் பார்க்கும் அந்தச் சிங்கத்தின் வாளைப் பாருங்கள். நுனி மேலே இருந்தால் முன்பின் மாறிவிட்டது, திருப்பிக் கட்டினால் சரி. நுனி கீழே இருந்தால் கொடியே தலைகீழ். அதை விழா தொடங்குமுன் கட்டாயம் மாற்றுங்கள். கயிறு நுழைக்கும் மடிப்பு பச்சைப் பட்டைப் பக்கம்தான் இருக்கும், அதைப் பிடித்துத் தொடங்கினால் பிழை வராது.

மேடையில் கம்பத்தோடு வைப்பதானால் பேசுபவரின் வலப்பக்கம். நிலத்தில் படக்கூடாது, மேசை விரிப்பாகவும் வேண்டாம்.

கொடியேற்றும்போது முன்பள்ளிப் பிள்ளைகள் சல்யூட் அடிக்கத் தேவையில்லை. கைகளைப் பக்கத்தில் வைத்து அசையாமல் நின்றால் போதும். சீருடையில் வரும் சாரணர் மட்டும் சல்யூட் அடிக்கட்டும். நெஞ்சில் கை வைப்பது அமெரிக்கர் பழக்கம்.

இது பொது வழக்கம். பிரதேச செயலகம் நடத்தும் விழாவென்றால் அவர்கள் தரும் அறிவுறுத்தலையே பின்பற்றுங்கள்.